எழுதுபொருள் வடிவமைப்புத் தொழில்: தாளுக்கு முதலில் காசு போடுவது யார்?

பினாங்கில், பட்டர்வொர்த்தில் இருக்கும் என் சித்தி மகள் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். நல்ல கை அவளுக்கு. வாழைமரம், மயில், குத்துவிளக்கு, பழைய கடைவீட்டு ஜன்னல் என்று எதைச் சொன்னாலும் நாலு கோட்டில் கொண்டுவந்துவிடுவாள். போன மாதம் போனில் கூப்பிட்டு, "அக்கா, என்கிட்ட 15,000 வெள்ளி சேர்ந்திருக்கு. கார்டு, நோட்டு, டைரி எல்லாம் நானே டிசைன் பண்ணி விக்கலாம்னு இருக்கேன். கல்யாண கார்டு பண்ணலாமா, சொந்தமா டைரி போடலாமா, ஜார்ஜ்டவுன்ல சின்னதா ஒரு கடை பிடிக்கலாமா, இல்ல கே.எல்.லுக்கே வந்துடவா?" என்று கேட்டாள்.

நான் கே.எல். என்கிற கோலாலம்பூரில், செந்தூலில் வீட்டிலிருந்தபடியே ஆறு ஆண்டுகளாக இந்தத் தொழிலைச் செய்கிறேன். அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பேசினோம். போனை வைத்த பிறகு யோசித்தால், அவள் கேட்ட நாலு கேள்விக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருந்தது. அச்சடிக்கப்போகும் தாளுக்கு முதலில் யார் காசு போடுகிறார்கள், வாங்குபவரா நாமா? மளிகைக் கடையில் மிஞ்சிய பருப்பு அடுத்த வாரம் விற்றுவிடும். தையல்காரர் துணியைப் பிரித்து மறுபடி தைக்கலாம். தாளில் மை ஏறிவிட்டால் அது வேறு எதற்கும் ஆகாது. அதனால் ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்க்கிறேன். அவளுக்கு அன்று சொல்ல விட்டுப்போனதும் இதில் இருக்கிறது.

ஆர்டர் எடுத்துச் செய்வது

கல்யாண அழைப்பிதழ், வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனைப் புகுவிழா, அறுபதாம் கல்யாணம். நம் வீடுகளில் கார்டு அடிக்காத விசேஷம் குறைவு. இதில் வாங்குபவர் முன்பணம் கொடுத்த பிறகுதான் தாள் வாங்குகிறோம். என்னுடைய சாதாரண ஆர்டர் ஒன்றின் கணக்கைச் சொல்கிறேன். 300 கார்டு, ஒன்று 3.50 வெள்ளி, மொத்தம் 1,050. தாள், அச்சு, தங்கத்தாள் பதிப்பு, உறை எல்லாம் சேர்த்து ஒரு கார்டுக்கு 1.60 வெள்ளி ஆனது, அதாவது 480. பாதி முன்பணமாக 525 வாங்கிவிட்டேன். அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டியது முழுவதும் அதிலேயே அடங்கிவிட்டது. என் பையிலிருந்து ஒரு காசும் போகவில்லை.

மிஞ்சிய 570 வெள்ளியை லாபம் என்று எழுதிவைத்தேன். ஆனால் அந்த ஆர்டருக்கு நான் செலவழித்தது 26 மணி நேரம். மணிக்கு 22 வெள்ளிகூட வரவில்லை. வரைவதற்கு ஆறு மணி நேரம்தான் ஆகியிருக்கும். மீதி நேரம் எல்லாம் திருத்தத்தில் போனது. தாய்மாமன் பெயர் எங்கே வரவேண்டும், பெரியப்பாவுக்கு முன்னால் 'அமரர்' போட வேண்டுமா, மாப்பிள்ளை வீட்டுப் பாட்டியின் பெயர் எப்படி விட்டுப்போனது என்று இரண்டு குடும்பமும் பேசி முடிக்கும்வரை நான் காத்திருக்க வேண்டும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கார்டில்தான் இரண்டு குடும்பத்தின் பெயரும் முதன்முதலாக ஒன்றாக அச்சாகிறது. அதை அவர்கள் பத்து முறை படிக்கத்தான் செய்வார்கள். அதற்கான நேரத்தை விலையில் சேர்க்காதது என் தவறு. இப்போது மூன்று திருத்தம் வரை விலைக்குள், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் என்று முதலிலேயே எழுதிக் கொடுக்கிறேன். அதோடு, இரு வீட்டாரும் கலந்து பேசி ஒருவரை மட்டும் என்னிடம் பேசச் சொல்லிவிடுகிறேன். நேரம் பாதியாகக் குறைந்துவிட்டது.

இந்த வேலையில் பெரிய அச்சகம் கவனிக்காத சின்ன விஷயங்கள்தான் நமக்குச் சோறு போடுகின்றன. கார்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள். பளபளவென்று லேமினேஷன் போட்ட கார்டில் மஞ்சள் ஒட்டாது, வழுக்கிக்கொண்டு போய் உறையில் அப்பிவிடும். பூச்சு இல்லாத தாளில் அது அழகாக இறங்கும். பெரியவர்கள் கல்யாணக் கார்டில் கறுப்பு மையை விரும்பமாட்டார்கள். நான் அரக்கு நிறமோ அடர் பழுப்போ போடுகிறேன், தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பளவுக்கே தெளிவாகத் தெரியும். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வரும் கார்டில் தமிழ் வரி எப்போதும் நீளும். ஆங்கிலத்துக்குப் பெட்டி போட்டுவிட்டு அதற்குள் தமிழைத் திணித்தால் எழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கிவிடும். நான் தமிழை முதலில் அமைத்துவிட்டு மற்றதை அதைச் சுற்றி அமைக்கிறேன்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. அதனால் வேலையே இல்லை என்று முதல் வருடம் பயந்தேன். ஆவணிக் கல்யாணத்துக்கான கார்டு ஆடியில்தான் அச்சுக்குப் போகும், தை மாதக் கல்யாணத்துக்கு மார்கழியில். உண்மையான வறட்சி அதற்கு ஒரு மாதம் முன்னால் வருகிறது. அந்த மாதச் செலவுக்குக் கையில் காசு வேண்டும்.

இப்போது பல வீடுகளில் பெரியவர்களுக்கு மட்டும் நூறு கார்டு அடித்துவிட்டு மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிவிடுகிறார்கள். இதனால் தொழில் போச்சு என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படத்துக்குத் தாளே வேண்டாம். நூறு கார்டும் ஒரு படமும் சேர்த்து ஒரு விலை என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

துக்கக் காரியத்துக்கும் கார்டு கேட்பார்கள். பதினாறாம் நாளுக்கு என்றால் கையில் நாலைந்து நாள்தான் இருக்கும். அச்சுச் செலவை மட்டும் வாங்கிக்கொள்கிறேன், என் கூலியை வாங்குவதில்லை. இது ஒவ்வொருவரின் மனதைப் பொறுத்தது, தங்கச்சிக்கும் அப்படியே சொன்னேன்.

சொந்தமாகப் பொருள் போடுவது

இங்கே தாளுக்கு நாம்தான் காசு போடுகிறோம். டைரி, நோட்டு, வாழ்த்து அட்டை, ஸ்டிக்கர், தீபாவளிக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் அங்பாவ் உறை எல்லாம் இந்த வகை. படைப்பாளிக்கு ஆசை இருப்பதும் இங்கேதான். பத்துப் பேர் திருத்தாமல் நம் மனதில் இருப்பது அப்படியே அச்சாகும்.

நான் 2023ஆம் ஆண்டுக்கு ஒரு தமிழ் டைரி போட்டேன். 300 பிரதி, ஒன்று அடிக்க 11 வெள்ளி, மொத்தம் 3,300. விற்பனை விலை 29. நேரடியாக 120 விற்றேன், கடைகளில் வைத்து 68 விற்றது. கடைக்கு 40 விழுக்காடு போனால் நமக்கு ஒரு பிரதிக்கு 17.40தான். எல்லாம் கூட்டினால் 4,663 வெள்ளி வந்தது. அச்சுச் செலவும் கடைவாடகை, பை, தபால் என்று போன 600 வெள்ளியும் கழித்தால் நாலு மாத உழைப்புக்கு 763 வெள்ளி நின்றது. மிஞ்சிய 112 பிரதி கட்டிலுக்கு அடியில் போனது. அதற்குள் முடங்கிய காசு மட்டும் 1,232 வெள்ளி. அந்த ஆண்டு மழைக்காலத்தில் ஒரு பெட்டியில் ராமபாணப் பூச்சியும் புகுந்துவிட்டது.

ஏன் மிஞ்சியது என்று பிறகு ஆசிரியைகளிடம் கேட்டபோதுதான் புரிந்தது. அந்த ஆண்டு பள்ளித் தவணை மார்ச்சில் தொடங்கியது. என் டைரி ஜனவரியில் தொடங்கியது. நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, ஆசிரியர்கள்தான் டைரியை உண்மையிலேயே எழுதித் தீர்ப்பவர்கள். அவர்களுடைய ஆண்டு எப்போது தொடங்குகிறது என்று பார்க்காமல் அச்சடித்துவிட்டேன். 2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடி ஜனவரிக்கே வந்துவிட்டது, ஆகவே இனி அந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் முதல் பொருளாகத் தேதி போட்ட எதையும் போடாதே என்றுதான் தங்கச்சியிடம் சொன்னேன். தேதியை நாமே எழுதிக்கொள்ளும் திட்டக் குறிப்பேடு என்றால் மிஞ்சியது அடுத்த ஆண்டும் விற்கும்.

ஒருநாள் தேதி போட்ட டைரிக்குப் போவதாக இருந்தால், வெளிநாட்டிலிருந்து வரும் டைரி செய்ய முடியாததை நாம் செய்ய வேண்டும். கெடாவிலும் கிளந்தானிலும் திரெங்கானுவிலும் வார விடுமுறை வெள்ளி, சனி. ஜொகூர் 2025 தொடக்கத்தில் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. பினாங்கில் ஜூலை 7 ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நாள் என்று விடுமுறை. தைப்பூசத்துக்கு எல்லா மாநிலத்திலும் விடுமுறை இல்லை. இதையெல்லாம் சரியாகப் போட்டு, கூடவே அமாவாசை, பௌர்ணமி, கார்த்திகை, முகூர்த்த நாள் சேர்த்தால் சுங்கை பட்டாணியில் இருக்கும் அத்தைக்கும் காஜாங்கில் இருக்கும் ஆசிரியைக்கும் அது தங்கள் டைரியாக இருக்கும்.

அங்பாவ் உறை பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு, நோன்புப் பெருநாளுக்குப் பச்சை என்று இங்கே ஊறிப்போன வழக்கம். தீபாவளிக்கு ஊதா, மஞ்சள், ஆரஞ்சு என்று நம் உறைகள் வருகின்றன. தமிழ்நாட்டில் யாரிடமாவது காட்டினால் ஆச்சரியப்படுவார்கள், இது முழுக்க நம் மலேசிய வழக்கம். ஆனால் வங்கியும் நகைக்கடையும் துணிக்கடையும் உறையை இலவசமாகக் கொடுக்கின்றன. பத்து உறை ஆறு வெள்ளி என்று கடையில் வைத்தால் வாங்குபவர் யோசிப்பார். அதையே 'இராமசாமி குடும்பத்தார்' என்று வீட்டுப் பெயர் போட்டுத் தருகிறோம் என்றால் வாங்குவார்கள். வீட்டுப் பெயர் போட்டதுமே அது ஆர்டர் ஆகிவிடுகிறது, முன்பணம் வந்துவிடுகிறது. சொந்தப் பொருளையும் ஆர்டரையும் இணைக்கும் பாலமாக எனக்குத் தெரிந்தது இந்த உறைதான். பெயர் போடாமல் அடிப்பதாக இருந்தாலும் ஆண்டு எண் போடக் கூடாது.

எங்கே அச்சடிப்பது

அச்சகத்தில் போய் நின்றதும் ஆப்செட்டா டிஜிட்டலா என்று கேட்பார்கள். ஆப்செட்டில் நாலு நிறத்துக்கு நாலு தகடு எடுக்க வேண்டும். அந்தச் செலவு நூறு பிரதிக்கும் ஒன்றுதான், பத்தாயிரத்துக்கும் ஒன்றுதான். அதனால் எண்ணிக்கை ஏற ஏற ஒரு பிரதியின் விலை இறங்கும். டிஜிட்டலில் தகடு இல்லை. ஐம்பது கார்டு அடித்தாலும் தாளுக்கு அதே விலை. ஆப்செட் அச்சகத்தார், "இன்னும் 200 வெள்ளி போட்டா ஆயிரம் பிரதி வந்துடும்" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த ஆயிரத்தை விற்கப்போவது நாம். முதல் இரண்டு வருடம் டிஜிட்டலோடு நிற்பதே நல்லது, ஒரு பிரதிக்கு அரை வெள்ளி கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை.

டிஜிட்டலுக்கும் சில குணங்கள் உண்டு. மை தாளுக்குள் இறங்காமல் மேலே ஒட்டி நிற்பதால் மடிக்கும் இடத்தில் அடர்நிறம் வெடித்து வெள்ளையாகத் தெரியும். முதலில் மடிப்புக்கோடு போட்டுவிட்டு, தாளின் இழை ஓடும் திசையிலேயே மடிக்கச் சொல்ல வேண்டும். தங்கம் என்று திரையில் தெரிவது சாதாரண நாலு நிற அச்சில் பழுப்பு மஞ்சளாகத்தான் வரும். உண்மையான தங்கம் வேண்டுமானால் அச்சுக்கட்டை செய்து சூட்டில் தங்கத்தாள் பதிக்க வேண்டும், அது தனிச் செலவு.

அளவைப் பற்றி யாரும் எனக்கு ஆரம்பத்தில் சொல்லவில்லை. டிஜிட்டல் அச்சுக்குப் பெரும்பாலும் 320க்கு 450 மில்லிமீட்டர் தாள் போடுவார்கள். வெட்டுவதற்கு ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் விட்டாலும் அதில் அஞ்சலட்டை அளவான ஏ6 கார்டு எட்டு வரும். 'வித்தியாசமா இருக்கட்டும்' என்று 15 சென்டிமீட்டர் சதுரக் கார்டு போட்டால் நாலுதான் வரும். ஒரு கார்டுக்கான அச்சுச் செலவு இரண்டு மடங்காகிவிடும். சதுரத்துக்கு உறையும் எளிதில் கிடைக்காது. வரைவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

சிவகாசியில் அடித்து வரவழைப்பது அடுத்த வழி. காலண்டர், டைரி, கார்டு மூன்றிலும் அவர்களுடைய விலைக்கு இங்கே யாரும் வரமுடியாது. அங்கே ஆடிப்பெருக்கன்றே அடுத்த ஆண்டுக் காலண்டருக்கான மாதிரி ஆல்பம் வெளியாகிவிடும். நாம் தீபாவளி முடிந்து நினைத்துக்கொண்டால் வேலைக்கு ஆகாது. மாதிரி பார்க்க, திருத்த, கப்பல் வர என்று மாதங்கள் போகும். தவறு ஒன்று வந்தால் திருப்பி அனுப்பவும் முடியாது. முழுத் தொகையையும் முன்னால் கட்டியிருப்போம், எண்ணிக்கையும் ஆயிரத்துக்குக் குறையாமல் கேட்பார்கள். உறுதியான வாடிக்கையாளர் இருக்கும் காலண்டருக்கு இது சரி. முதல் முயற்சிக்குச் சரிவராது.

சொந்த மெஷின் வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. தங்கச்சி ஏற்கெனவே ஒரு பிரிண்டரும் ஸ்டிக்கர் வெட்டும் கருவியும் விலை கேட்டு வைத்திருந்தாள். ஸ்டிக்கரை மட்டும் முழுநேரமாகச் செய்பவருக்கு வெட்டும் கருவி பயன்படும். கார்டுக்கும் நோட்டுக்கும் வேண்டாம். கே.எல்.லில் சான் சோ லின் பக்கமும் பாலாகோங்கிலும் அச்சுப் பட்டறைகள் இருக்கின்றன, அவர்களுடைய மெஷினை நாம் தாள் கணக்கில் வாடகைக்கு எடுப்பது போலத்தான். 15,000 வெள்ளியில் 6,000 மெஷினுக்குப் போனால் மீதியில் மூச்சு முட்டிவிடும்.

தமிழ் எழுத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு நடந்த பெரிய நஷ்டம் அதில்தான். ஓர் அச்சகத்துக்கு 200 கார்டுக்கான கோப்பை எழுத்து எழுத்தாகவே அனுப்பிவிட்டேன். அவர்களிடம் அந்த எழுத்துரு இல்லை. 'பொன்னம்பலம்' என்ற பெயரில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிரிந்து, நடுவில் வட்டப்புள்ளியோடு வந்தது. அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லாததால் அப்படியே அடித்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மறுபடி அடிக்கும் செலவை நான்தான் ஏற்றேன். அன்றிலிருந்து எல்லா எழுத்தையும் அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றாமல் எந்தக் கோப்பும் என் கணினியை விட்டுப் போவதில்லை. முதல் பிரதியை நேரில் போய்ப் படித்துவிட்டுத்தான் மீதியை ஓட்டச் சொல்கிறேன்.

இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் என்ற வடிவமைப்பு மென்பொருள்கள் இரண்டிலும் தெற்காசிய எழுத்துகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் திரையிலேயே கொம்பு இடம் மாறும். அதைச் சரிசெய்துவிட்டால் யூனிகோட் எழுத்துருக்கள் நன்றாகவே வேலை செய்யும். முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான், பாலூ தம்பி போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, வணிகத்துக்குப் பயன்படுத்தத் தடையில்லை. இணையத்தில் எங்கிருந்தோ இறக்கிய எழுத்துருவைக் காசு வாங்கும் வேலையில் போடக் கூடாது. 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கி, தமிழைக் கணினித் திரையில் அழகாக நிற்கவைத்த முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். எழுத்துரு செய்வது எவ்வளவு பெரிய உழைப்பு என்று நாமாவது தெரிந்து நடக்க வேண்டும்.

பினாங்கா, கே.எல்.லா

கே.எல்.லுக்கு வந்துவிட்டால் தொழில் தானாக வரும் என்று தங்கச்சி நினைத்திருந்தாள். இங்கே ஆர்டர் அதிகம் என்பது உண்மை. பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா, செந்தூல், பத்துமலை, கொஞ்சம் தள்ளிக் கிள்ளான் என்று கல்யாண வேலை செய்பவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். மண்டப அலங்காரம் செய்யும் ஒரு அக்கா எனக்கு ஆண்டுக்குப் பதினைந்து ஆர்டராவது அனுப்புவார். தாள் வகையும் அச்சகமும் இங்கே கூடுதல். வார இறுதிச் சந்தைகளுக்கும் குறைவில்லை. ஜாலான் சுல்தானில் பழைய ரெக்ஸ் திரையரங்கம் இப்போது கடைகளும் புத்தகங்களுமாக இருக்கிறது. 1952இல் தொடங்கிய ஓர் அச்சகத்தின் பங்சார் கட்டடமே ஏபிடபிள்யூ என்ற பெயரில் உணவகங்களும் நிகழ்ச்சிகளுமாக மாறியிருக்கிறது. பழைய அச்சகக் கூரைக்குக் கீழே நின்று தாள் பொருள் விற்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஆனால் வீட்டு வாடகை, பெட்ரோல், கார் நிறுத்தக் காசு எல்லாம் இங்கே கூடுதல். அவள் பட்டர்வொர்த்தில் அம்மா வீட்டில் இருக்கிறாள். அந்த வாடகையில்லாத அறைதான் அவளுடைய பெரிய முதல், 15,000 வெள்ளியைவிடப் பெரியது.

பினாங்கில் இரண்டு தனித்தனிச் சந்தை இருக்கிறது. தீவில் சுற்றுப்பயணிகள். 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, 2012இல் சுவரோவியங்கள் வந்தன, அதிலிருந்து லெபோ அர்மீனியன் தெருப் பக்கம் நடந்து போகிறவர் கையில் ஓர் அஞ்சலட்டையாவது இருக்கும். 1806லேயே செய்தித்தாள் அச்சான ஊர் அது, தாளுக்கும் அந்த ஊருக்கும் பழைய உறவு. ஆனால் அங்கே விற்கும் அஞ்சலட்டைகளில் நம் பக்கம் மிகக் குறைவு. 1833இல் கட்டிய லெபோ குயின் மாரியம்மன் கோயில் கோபுரம், லெபோ பாசாரின் பூக்கட்டும் கடை, தைப்பூசத்து வெள்ளி ரதம், தேங்காய் உடைக்கும் தெரு, இவற்றை அவள் கையால் வரைந்தால் யாரும் அதைப் பிரதி எடுத்துவிட முடியாது. அஞ்சலட்டைக்குத் தேதி இல்லை, எடை இல்லை, ஒரு தாளில் எட்டு வரும். நாமே காசு போட்டாலும் நூறு வெள்ளிக்குள் முதல் சுற்று முடிந்துவிடும். சொந்தப் பொருள் என்று ஆசைப்பட்டால் அவள் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

கல்யாணமோ பெருநிலத்தில். பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் பக்கம்தான் அவளுக்குத் தெரிந்த குடும்பங்களும் கோயில்களும் மண்டபங்களும் இருக்கின்றன. அச்சடித்த கார்டை ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஆகவே ஆர்டருக்குப் பெருநிலம், அஞ்சலட்டைக்குத் தீவு, நடுவில் பெர்ரி. கே.எல்.லில் ஏதாவது சிறப்புத் தாள் வேண்டுமானால் என்னிடம் சொல்லட்டும், வாங்கி அனுப்புகிறேன்.

ஜார்ஜ்டவுனில் கடை பிடிப்பது வேண்டவே வேண்டாம் என்றேன். பாரம்பரியப் பகுதியில் கடைவீட்டு வாடகை ஒரு மாதம் தவறினாலும் கழுத்தைப் பிடிக்கும். பெயர்ப்பலகைக்கும் வளாகத்துக்கும் மாநகர் மன்றத்தின் உரிமம் வேண்டும், பழைய கட்டடத்தில் ஆணி அடிக்கக்கூட யோசிக்க வேண்டும். அதற்குப் பதில் ஜாலான் குருத்வாராவில் பழைய பேருந்துப் பணிமனையில் நடக்கும் ஹின் பஸ் டிப்போ ஞாயிற்றுச் சந்தையில் ஒரு மேசை கிடைக்குமா என்று பார்க்கலாம். ஒரு நாள் வாடகை, ஒரு நாள் கூட்டம், எது விற்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். மேசையில் டியூட்நவ் கியூஆர் அட்டையை வைக்க மறக்கக் கூடாது, சில்லறை வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

இணைய விற்பனை

ஷாப்பியில் விலைப் போட்டி கடுமை, ஐந்து வெள்ளி அஞ்சலட்டைக்குத் தபால் செலவே அதற்கு மேல் போகும். ஐந்து, பத்து என்று கட்டாக விற்றால்தான் கட்டுப்படியாகும். கைவினைப் பொருள்கள் விற்கும் எட்ஸி தளத்தில் ஒரு பொருளை நாலு மாதம் வைக்க 20 அமெரிக்க சென், விற்றால் 6.5 விழுக்காடு, அதற்கு மேல் பணம் செலுத்தும் கட்டணம். கோல வடிவம், தமிழ் எழுத்துப் பயிற்சித் தாள் போன்றவற்றை வாங்குபவரே அச்சடித்துக்கொள்ளும் கோப்பாக அங்கே விற்கலாம். தாள் இல்லை, முடங்கும் காசும் இல்லை. மெதுவாகத்தான் நகரும், மாதச் செலவுக்கு அதை நம்பக் கூடாது.

பதிவும் பணமும்

தொழில் தொடங்கி 30 நாளுக்குள் நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும், இணையத்திலேயே முடித்துவிடலாம். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. சென்டிரியான் பெர்ஹாட் என்ற தனியார் நிறுவனமாக ஆக்க 1,000 வெள்ளி பதிவுக் கட்டணமும் நிறுவனச் செயலாளரும் வேண்டும், இந்த அளவுத் தொழிலுக்குத் தேவையில்லை. வருமான வரிக்குப் பி பாரம், கடைசி நாள் ஜூன் 30. ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

கடன் பற்றியும் கேட்டாள். சிறுதொழிலுக்குக் கடன் தரும் தெக்குனில் இந்தியத் தொழில்முனைவர்களுக்கென்று ஸ்பூமி திட்டம் இருக்கிறது, சிறுகடன் அமைப்பான அமானா இக்தியார் 2024இல் இந்தியப் பெண்களுக்காகவே 'பெண்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. இரண்டும் நல்ல வாய்ப்புகள். ஆனால் மாதம் எத்தனை ஆர்டர் வருகிறது என்று ஆறு மாதக் கணக்குப் புத்தகம் கையில் இருக்கும்போது போய்க் கேட்பதுதான் நல்லது. அதுவரை ஷிப்ட் வேலையை விட வேண்டாம் என்றேன். அவளுக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். இரவு வேலை முடித்து வந்து வரைவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும், நானும் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன். ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

சேமிப்பில் 3,000 வெள்ளிக்கு மேல் முதல் ஆண்டில் தொடுவதில்லை என்று பேசி முடித்தோம். அதில் பதிவு, மாதிரிக் கார்டுகள், ஒரு நல்ல வெட்டுக்கத்தி, அஞ்சலட்டையின் முதல் சுற்று எல்லாம் அடங்கும்.

போன வாரம் அவளோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு, 150 கார்டு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாதிப் பணம் அவள் கணக்குக்கு வந்தது. சனிக்கிழமை காலையில் தாள் வாங்கப் போனாள். பூச்சு இல்லாத 300 ஜிஎஸ்எம் தடித்த தாளில் மூலையில் மஞ்சள் தடவிப் பார்த்து, எனக்குப் படம் அனுப்பியிருக்கிறாள்.